நகையும் பாடமும்

பழைய நகைச்சுவைப் படங்களில் ஈடுபாடுடைய சுவைஞர் சிலர் ஒருங்கு கூடின், அவர்தம் உரையாடல் பெரும்பாலும் மூன்று பொருள்களைச் சுற்றியே அமையக் காண்கின்றோம். இன்ன நடிகர் இன்ன படத்தில் சிறந்து விளங்கினார் என்பது ஒன்று. இன்ன காட்சி ஏனையவற்றினும் நகை மிக்கது என்பது மற்றொன்று. புதிதாக வெளிவந்த டிவிடி வட்டில் அப்படம் முழுமையாக உள்ளதா, குறைபட்டுள்ளதா என்பது மூன்றாவது. முதல் இரண்டும் சுவை பற்றியன. மூன்றாவது பாடம் பற்றியது. கற்றோர் முதல் இரண்டனை ஒருவாறு மதிப்பினும், மூன்றாவதனைச் சேகரிப்போரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகின்றனர். அவ்வாறு ஒதுக்குதல் பொருந்தாது என்பதும், பாடம் துணியப்படாதவழி நகைச்சுவை பற்றிய திறனாய்வு நிலைபெறாது என்பதும், அப்பாடத்தைத் துணியும் பணியில் சுவைஞர்தம் பேச்சிற்குச் சிறப்பான இடம் உண்டு என்பதும் இக்கட்டுரையின் துணிபுகள்.

எடுத்துக்காட்டுகள் அமெரிக்க நாட்டில் எழுந்த பழைய நகைச்சுவைப் படங்களிலிருந்து கொள்ளப்படுகின்றன. சார்லி சாப்ளின், பஸ்டர் கீட்டன், லாரல், ஹார்டி ஆகியோர் நடித்த படங்களின் பாட வரலாறு ஓரளவு தெளிவாக ஆராயப்பட்டிருத்தலே இதற்குக் காரணம். ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டு நூல்களைப் பதிப்பித்த மரபில் வந்த நமக்கு அவ்வரலாறு முற்றும் புதியதாகத் தோன்றாது.

நகை எவ்வாறு பிறக்கின்றது என்பதனை முதற்கண் நோக்குவோம். தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலாவதாக வைத்து, அது தோன்றும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினைக் கூறுகின்றது. பேதைமையும் மடனும் ஒன்றுபோலத் தோன்றினும் வேறு வேறு. அறிவின்மையைப் பேதைமை என்றும், கேட்டதனை ஆராய்ந்து பாராது அவ்வாறே ஏற்றலை மடன் என்றும் உரையாசிரியர் பிரித்துணர்த்துவர். இப்பாகுபாடு எத்துணை நுட்பமானது என்பதற்கு 1932-இல் வெளிவந்த 'தி மியூசிக் பாக்ஸ்' என்னும் குறும்படம் நல்ல சான்று.

அப்படத்தில் லாரலும் ஹார்டியும் பியானோ ஒன்றினை நெடிய படிக்கட்டின் வழியே மேலே உள்ள வீட்டிற்குச் சுமந்து செல்கின்றனர். பெட்டி பன்முறை நழுவிக் கீழே வருகின்றது. அவர்கள் மீண்டும் மீண்டும் ஏற்றுகின்றனர். ஒருவாறு உச்சியை அடைந்தபின், அஞ்சற்காரர் ஒருவர் எதிர்ப்பட்டு, வண்டியிலேயே மேலே வருதற்குச் சாலை உண்டே என்கின்றார். அது கேட்ட இருவரும் பியானோவை மீளப் படிவழியே கீழே இறக்கி, வண்டியிலேற்றிச் சாலை வழியாகக் கொண்டுவருகின்றனர். அஞ்சற்காரர் கூறியது மெய்யே. அம்மெய் இனிப் பயன்படாது என்பதனை அவர்கள் உய்த்துணரவில்லை. பெட்டியை நழுவவிடும் தொடக்கக் காட்சிகளில் உள்ளது பேதைமை. அதனைக் கீழிறக்கும் காட்சியில் உள்ளது மடன்.

இங்கு வேறொன்றும் கருதத்தக்கது. கீழிறக்கும் காட்சி நகை விளைப்பதற்கு, ஏறிய காட்சி நீண்டதாக இருந்திருத்தல் வேண்டும். அவர்தம் உழைப்பின் நெடுமையைக் காண்போர் தம் பொறுமையால் அளந்து அறிந்திருத்தல் வேண்டும். 'ஏற்றம் மிக நீள்கின்றது' என்று கருதி ஒருவர் அப்பகுதியைச் சுருக்கிவிடின், பின்வரும் காட்சி ஒரு கட்டும் சிதையாது இருப்பினும் அதன் நகை கெட்டுவிடும். நகை என்னும் மெய்ப்பாடு ஒரு சொல்லிலோ செயலிலோ மட்டும் உறைவதன்று. முன்னும் பின்னும் உள்ளவற்றின் கால அளவிலும் உறைவது. அக்கால அளவினைப் பாதுகாப்பது நல்ல பதிப்பு; சிதைப்பது தீய பதிப்பு. எனவே, ஒரு வட்டில் இத்தனை நிமிடம் குறைகின்றது என்று சுவைஞர் முறையிடும்போது, அவர் கணக்குப் பார்க்கின்றார் என்று இகழ்தல் கூடாது. அவர் சுவையைப் பற்றியே பேசுகின்றார் என்க.

கால அளவு இருவழியால் கெடுகின்றது. ஒன்று வெட்டு, மற்றொன்று வேகம். ஊமைப் படக் காலத்தில் ஒளிப்பதிவுக் கருவியைக் கையால் சுழற்றிப் படம் பிடித்தனர். ஆகலின் நொடிக்கு இத்தனை நிலைப்படங்கள் என்னும் உறுதியான வரையறை அன்று இல்லை. 16 முதல் 20 வரையும் அதற்கு மேலும் அவ்வெண்ணிக்கை வேறுபட்டது. பேசும்படம் வந்தபின் நொடிக்கு 24 என்னும் அளவு நிலைபெற்றது. 16 என்னும் அளவிற் பிடிக்கப்பட்ட படத்தினை 24 என்னும் அளவில் ஓட்டின், அசைவு ஒன்றரை மடங்கு விரைவுபெறும். ஊமைப் படமென்றால் மாந்தர் குடுகுடுவென்று ஓடுவர் என்னும் எண்ணம் மக்களிடையே பரவியமைக்கு இப்பிழை ஒரு பெருங்காரணம். நகைச்சுவை நடிகர் சிலர் வேண்டுமென்றே கருவியை மெல்லச் சுழற்றுவித்து அசைவினை விரைவுபடுத்தியதும் உண்டு. எனவே எவ்வேகம் ஆசிரியர் கருதியது, எவ்வேகம் பின்னோர் ஏற்றியது என்பது காட்சிதோறும் ஆராய்ந்து துணியவேண்டிய பாடச் சிக்கலாகின்றது.

கீட்டன் நடித்த 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' (1928) என்னும் படத்தில், சூறைக்காற்றில் ஒரு வீட்டின் முகப்புச் சுவர் முழுவதும் பெயர்ந்து அவர்மேல் விழுகின்றது. மேல்மாடச் சாளரத்தின் வெற்றிடம் அவர் நின்ற இடத்திற்கு நேராக அமைதலின் அவர் உயிர் தப்புகின்றார். அச்சுவர் மெய்யான எடை உடையது. அது விழும் வேகத்தில் அவ்வெடையை நாம் உணர்தல் வேண்டும். முறைகெட்ட வேகத்தில் ஓட்டின் அச்சுவர் அட்டை போல விழும். அச்சமும் அதன்பின் எழும் நகையும் ஒருங்கே கெடும். கீட்டன் முகத்தில் எவ்வுணர்ச்சியும் காட்டாதவர் என்பர். அவர் முகத்தில் மறைத்ததனைக் காலத்திற் காட்டினார் என்று கூறுவது இன்னும் பொருந்தும்.

பேசும்படங்களும் இவ்விடரினின்று தப்பவில்லை. ஐரோப்பியத் தொலைக்காட்சி முறைக்கேற்ப அமைந்த டிவிடி வட்டுகளில் படங்கள் பொதுவாக நொடிக்கு 25 என்னும் அளவில் ஓடுவன. 24 என்னும் அளவில் எடுக்கப்பட்ட 20 நிமிடப் படம் அவற்றில் 48 நொடி குறைகின்றது. குரலும் சிறிது உயர்ந்து ஒலிக்கின்றது. ஒரே படத்தின் ஐரோப்பிய வட்டையும் அமெரிக்க வட்டையும் அருகருகே வைத்துச் சுவைஞர் ஒப்பிடுவது இதுபற்றியே. இரு சுவடிகளை ஒப்பிட்டு எழுத்தெண்ணிய புலவர் செயலோடு இதனை ஒப்பிடின் அது மிகையன்று.

இனிப் பாடவேறுபாடு என்பதனை நோக்குவோம். சாப்ளினின் 'தி கோல்டு ரஷ்' 1925-இல் ஊமைப் படமாக வெளிவந்தது. 1942-இல் சாப்ளின் தாமே அதனைத் திருத்தினார். இடையிட்ட எழுத்துரைகளை நீக்கித் தம் குரலிற் கதையுரை சேர்த்தார்; இசையும் அமைத்தார். ஈண்டு இரு மாற்றங்கள் குறிப்பிடத்தக்கன. முதற்படத்தில், நாயகி தன் காதலனுக்கு எழுதிய மடலை அவன் ஏளனமாக ஏழை நாயகன் கைக்கு அனுப்பிவிடுகின்றான். அது தனக்கே எழுதியதென்று எண்ணி நாயகன் மகிழ்கின்றான். திருத்திய படத்தில் அம்மடல் நாயகனுக்கே எழுதப்பட்டதாகக் காட்டப்படுகின்றது. முதற்படத்தின் இறுதியில் அமைந்த முத்தக் காட்சியும் பிற்படத்தில் இல்லை.

முதற்பாடத்தில் நாயகன் கொள்ளும் மகிழ்ச்சியின்கண் எள்ளலும் மடனும் இரக்கமும் ஒருங்கு பின்னிக் கிடக்கின்றன. காண்போர்க்குத் தெரிந்த உண்மை அவனுக்குத் தெரியாது. பிற்பாடத்தில் அப்பின்னல் அவிழ்ந்துவிடுகின்றது. காதல் மென்மையுறுகின்றது, நகை வலியிழக்கின்றது. 'சாப்ளினின் நகையில் இரக்கம் மிகுதி' என்று ஒருவரும், 'இல்லை, கொடுமை மிகுதி' என்று மற்றொருவரும் வாதிடுவாராயின், இருவரும் ஒரே பாடத்தைக் கண்டனரா என்று முதலில் வினவுதல் வேண்டும். கெவின் பிரவுன்லோ, டேவிட் கில் ஆகிய இருவரும் 1993-இல் முதற்பாடத்தை மீட்டமைத்தனர். பின்னர் வந்த சிறந்த வட்டுப் பதிப்புகள் இரு பாடங்களையும் ஒருங்கே தருகின்றன. ஆசிரியர் இறுதியாக விரும்பியதே மூலம் என்பார் ஒருசாரார். முதலில் உலகம் கண்டதே மூலம் என்பார் மற்றொரு சாரார். எம் கருத்து, நகையின் வன்மை நோக்கி முதற்பாடமே சிறந்தது என்பது. ஆயினும் ஆசிரியர் திருத்தத்தை மறைப்பது பதிப்பாசிரியர்க்கு உரிமையன்று. இரண்டனையும் தந்து கற்போரைத் துணியவிடுதலே நெறி.

திரட்டு நூல்களால் ஒரு மூலம் பிழைத்திருத்தலும் உண்டு. முத்தொள்ளாயிரத்தின் பாடல்கள் பல புறத்திரட்டு வாயிலாக நமக்குக் கிடைத்தன. லாரல்-ஹார்டியின் 'தி பேட்டில் ஆஃப் தி செஞ்சுரி' (1927) என்னும் படத்தின் வரலாறும் இத்தகையது. ஏறத்தாழ 3,000 பழப்பணியாரங்கள் வீசப்பட்ட தெருச்சண்டை ஒன்று அதன் இறுதிப் பகுதி. ராபர்ட் யங்சன் என்பார் 1957-இல் தொகுத்த 'தி கோல்டன் ஏஜ் ஆஃப் காமெடி' என்னும் திரட்டுப் படத்தில் இச்சண்டை சுருங்கிய வடிவில் இடம்பெற்றது. மூலம் மறைந்தது, திரட்டில் உள்ள பகுதியே பல்லாண்டுகள் உலகம் அறிந்ததாயிற்று.

திரட்டு காத்தது; ஆனால் கருத்தினை ஓரளவு திரித்தும் விட்டது. சுருங்கிய வடிவத்தை மட்டும் கண்டோர், பணியாரம் வீசுதலே அப்படத்தின் நகை என்று கொண்டனர். 2015-இல் ஜான் மிர்சாலிஸ் என்னும் சேகரிப்பாளர் அதன் இரண்டாஞ் சுருளை ஏறத்தாழ முழுமையாகக் கண்டெடுத்தார். 2020-இல் வெளிவந்த மீட்டமைப்பு வட்டுகளில் அது இடம்பெற்றது. முழுமையை நோக்கும்போது தெரிவது வேறு. காப்பீட்டுப் பணம் பெறும்பொருட்டு, லாரல் வழுக்கி விழட்டும் என்று ஹார்டி பழத்தோலைத் தெருவில் இடுகின்றார். பணியாரம் சுமந்து வந்தவன் அதில் வழுக்கி விழுகின்றான். அவன் சினங்கொண்டு ஒன்றினை எறிகின்றான். குறி தவறி வேறொருவர்மேல் படுகின்றது. அவர் நிதானமாக வந்து, நடந்ததனை உணர்ந்து, ஒன்றினை எடுத்து எறிகின்றார். இவ்வாறு ஒவ்வொருவராகத் தெரு முழுவதும் போரில் இறங்குகின்றது. ஒவ்வோர் எறிக்கும் ஒரு காரணம் உண்டு; ஒவ்வொருவர்க்கும் சினம் முதிர்தற்குரிய இடைவெளி உண்டு. நகை இருப்பது பணியாரத்தில் அன்று, அவ்விடைவெளியில். சுருக்கியோர் முதலில் நீக்கியதும் அதுவேயாம்.

எனினும் முழுமை இன்னும் எய்தப்படவில்லை. காப்பீடு செய்துகொள்ளும் காட்சி இன்றும் கிடைத்திலது. மீட்டமைத்தோர் அவ்விடத்தை நிழற்படங்களாலும் எழுத்துரையாலும் நிரப்பியுள்ளனர். ஏடு சிதைந்த இடத்தில் புள்ளியிட்டுக் காட்டும் பதிப்பாசிரியர் நேர்மை இங்கும் புலப்படுகின்றது.

முற்றும் மறைந்தனவும் உள. அமெரிக்கக் காங்கிரசு நூலகம் 2013-இல் வெளியிட்ட டேவிட் பியர்ஸ் என்பாரின் ஆய்வு, 1912 முதல் 1929 வரை அந்நாட்டில் எழுந்த ஏறத்தாழ 11,000 முழுநீள ஊமைப் படங்களுள், முதலில் வெளிவந்த வடிவிலேயே முழுமையாக எஞ்சியவை 14 விழுக்காடே என்று கணக்கிடுகின்றது. அக்காலப் படச்சுருள் எளிதில் தீப்பற்றும் தன்மையது. தானே சிதையும் இயல்பினதும் ஆகும். 1937-இல் நியூ செர்சி மாநிலத்தில் ஃபாக்ஸ் நிறுவனத்தின் சேமிப்பறை எரிந்ததில் அழிந்தவை பல. நாம் மேலே கண்ட 'தி மியூசிக் பாக்ஸ்' படத்திற்கு முன்னோடியான 'ஹாட்ஸ் ஆஃப்' (1927) இன்று இல்லை. துணிவெளுக்கும் பொறி ஒன்றினை அதே படிக்கட்டில் ஏற்றுவது அதன் கதை. கரையானுக்கும் நீருக்கும் நெருப்புக்கும் நூல்களை இழந்த நம்மவர்க்கு இவ்விழப்பினை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இனிச் சுவைஞர் பணியினை நோக்குவோம். லாரல்-ஹார்டி சுவைஞர்க்கென 1965-இல் நியூயார்க்கில் ஒரு கழகம் தோன்றியது. அவர்கள் 1933-இல் நடித்த 'சன்ஸ் ஆஃப் தி டெசர்ட்' என்னும் படத்தின் பெயரையே அது பூண்டது. லாரலின் வரலாற்றை எழுதிய ஜான் மெக்கேப் அதனை நிறுவியோருள் ஒருவர். அதன் கிளைகள் 'கூடாரங்கள்' எனப்படும். ஒவ்வொன்றும் ஒரு படத்தின் பெயர் தாங்கும். கூடிப் படம் காண்பதும், உண்பதும், பேசுவதுமே அதன் வேலை. இதனை வெறும் கேளிக்கை என்பார் ஒன்றனை மறக்கின்றனர். ஹால் ரோச் படநிலையத்தார் தம் படங்களை வெளியிடுமுன் பொதுமக்கள் கூடிய அரங்குகளில் ஓட்டிப் பார்த்தனர். அவையோர் எங்கு எவ்வளவு நேரம் நகைக்கின்றனர் என்பதனை நோக்கி, அடுத்த சொல் நகையொலியில் மூழ்காதவாறு இடைவெளிகளை அமைத்தனர். ஆகவே அப்படங்களில் ஹார்டி நம்மை நோக்கி வாளா நிற்கும் நேரம் வெற்று நேரமன்று. அவையின் நகைக்கென விடப்பட்ட இடம். வட்டினை இல்லத்தில் தனித்திருந்து காண்பவர்க்கு அவ்விடம் நீண்டு தோன்றும். அவர் 'படம் மந்தம்' என்று முடிவு கட்டுவர். பலர் கூடிக் காணும்போது அவ்விடம் நிரம்புகின்றது. எனவே, சுவைஞர் கூட்டம் அப்பாடத்தின் ஒரு பகுதியையே மீட்டுத் தருகின்றது எனலாம்.

காங்கிரசு நூலகத்தின் படக்காப்பகம் வர்சீனியா மாநிலத்துக் கல்பெப்பர் என்னும் ஊரில் உள்ளது. அங்கு 2012 முதல் பல ஆண்டுகள் நடைபெற்ற ஒரு பயிலரங்கு ஈண்டு நினைத்தற்குரியது. பெயர் தெரியாத ஊமைப் படத் துண்டுகளை அங்குத் திரையிடுவர். பிற அரங்குகளில் படம் ஓடும்போது பேசுதல் குற்றம். அங்கோ பேசுதலே கடமை. வண்டியின் வகை, தெருவின் பெயர், ஒரு துணைநடிகரின் முகம் என்று தாம் அறிந்ததனை ஒவ்வொருவரும் உரக்கக் கூறுவர். அவற்றைக் கொண்டு படத்தின் பெயர் துணியப்படும். மேற்கூறிய இரண்டாஞ் சுருள் கிடைத்த செய்தி 2015-இல் அறிவிக்கப்பட்டதும் அவ்வரங்கிலேயே. சுவைஞர் பேச்சு ஆராய்ச்சியாக மாறும் இடம் இது.

ஆயினும் சுவைஞரிடத்துக் குறையே இல்லை என்று கூறுதல் நடுநிலையாகாது. கிடைத்தற்கரியதனைச் சிறந்தது என்று கொள்ளுதல் அவர்தம் முதற்குறை. காணாமற்போன காட்சி ஒவ்வொன்றும் அவர் பேச்சில் தலைசிறந்த காட்சியாகிவிடுகின்றது. இளமையில் தாம் முதலில் கண்ட வடிவத்தையே மூலமென்று பற்றிக்கொள்ளுதல் இரண்டாங்குறை. ஆசிரியர் வேண்டாவென்று நீக்கியதனையும் சேர்த்துவிட வேண்டுமென விழைதல் மூன்றாங்குறை. இவை பதிப்பாசிரியர்க்கும் நேர்வனவே. மற்று, 1980-களில் லாரல்-ஹார்டியின் கருப்பு வெள்ளைப் படங்களுக்குப் பொறியால் வண்ணம் ஏற்றப்பட்டபோது சுவைஞர் பலர் எதிர்த்து நின்றனர். பழம்பாடலைத் தம் மனம்போல் திருத்திய பதிப்பினைப் புலவர் எதிர்த்ததனோடு ஒப்பது அது. வட்டுகளில் படத்தொடு கேட்கும் விளக்கவுரைகளும் போற்றத்தக்கன. 2020-ஆம் ஆண்டு வட்டுகளில் ராண்டி ஸ்க்ரெட்வெட், ரிச்சர்ட் பான் ஆகியோர் நிகழ்த்தும் உரை, மூலத்தொடு உரையைச் சேர்த்தோதிய நம் மரபினை நினைவூட்டுகின்றது.

இவற்றால் நாம் கொள்ளத்தக்கது யாது? தமிழ்த் திரைப்பட நகைச்சுவையை ஆராய முற்படும் மாணவர் இன்று பலர். தமிழின் முதற் பேசும்படமாகிய 'காளிதாஸ்' (1931) ஒரு படியும் எஞ்சாது மறைந்தது. எஞ்சிய படங்களிலிருந்து நகைச்சுவைக் காட்சிகளை மட்டும் வெட்டித் தொகுத்த வட்டுகள் நம் கடைகளிலும் பெருக விற்றன. அவை திரட்டு நூல் போன்றவை; காப்பதும் அவையே, திரிப்பதும் அவையே. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் 'நல்லதம்பி' (1949) போன்ற படங்களில் நிகழ்த்திய நகையினை அத்தகைய துண்டுகளைக் கண்டு மதிப்பிடுதல், முத்தொள்ளாயிரத்தின் அமைப்பினைப் புறத்திரட்டு கொண்டு மட்டும் துணிதல் போல்வதாகும்.

எனவே ஆய்வாளர் தாம் கண்ட படி யாது, அதன் ஓடுநேரம் எவ்வளவு, தணிக்கைச் சான்றிதழில் குறிக்கப்பட்ட நீளத்தொடு அது ஒத்துள்ளதா, படம் வெளிவந்த ஞான்று விற்கப்பட்ட பாட்டுப்புத்தகத்தின் கதைச்சுருக்கத்தில் உள்ள நிகழ்ச்சிகள் அனைத்தும் அதில் உள்ளனவா என்னும் நான்கினையும் கட்டுரையின் தொடக்கத்திலேயே கூறுதல் வேண்டும். அந்நாளில் அப்படத்தை அரங்கிற் கண்ட முதியோரைத் தேடிச் சென்று, எங்கு எவ்வாறு நகைத்தனர் என்று கேட்டெழுதுதலும் வேண்டும். அவர்தம் பேச்சினை ஊர்ப்பேச்சென்று தள்ளின், மீட்கத்தக்க சான்று ஒன்று அவரோடு மறையும். நகைக்கு நிலைக்களன் நான்கெனக் கண்ட நூலைக் கற்போர், அந்நகை நிகழ்ந்த பாடத்தினையும் காத்தல் கடனாம்.